பெட்டிக்குக் காது கேட்டது

விஸ்வகர்மா பூஜை அன்று கல்கத்தாவில் ஒரு ஸ்க்ரூ டிரைவரைக்கூட யாரும் கையில் எடுக்க மாட்டார்கள். பட்டறைகளுக்குப் பூட்டு. ஆட்டோ ஸ்டாண்டுக்கு ஆட்டோ ஸ்டாண்டு யானை வாகனத்தில் விஸ்வகர்மா சாமி, காது கிழியும் ஒலிபெருக்கி, வாழை இலையில் கிச்சுடி. மொட்டை மாடிகளில் பொழுது சாயும்வரை பட்டம். கருவிகளுக்கு ஓய்வு கொடுக்கிற நாள் அது.

அப்படிப்பட்ட நாளில், மத்தியானம் இரண்டரை மணிக்கு, தோளில் கருவிப் பையோடு மாதங்கி பெஹாலாவில் ஒரு பழைய இரண்டு மாடி வீட்டின் முன்னால் வந்து நின்றாள். ஆட்டோ கிடைக்காமல் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருந்தாள். முதுகெல்லாம் வியர்வை. மழை வரும் போலவும் இருந்தது, வராது போலவும் இருந்தது.

லேக் கார்டன்ஸில் ஒரு சின்ன அறையில் ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் ரிப்பேர் செய்பவள் அவள். மூன்று தலைமுறையாக இந்த ஊரில் இருக்கும் குடும்பம். தமிழ் வீட்டில், வங்காளி வெளியில், கோபம் வந்தால் இரண்டும் சேர்ந்து வரும். கைத்தொழிலில் கெட்டிக்காரி. அதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே தன்னைக் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அடுத்தவன் செய்த வேலையில் ஒரு தப்பைக் கண்டுபிடித்துவிட்டால் அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு நன்றாக இறங்கும்.

கீழே முற்றத்தில் தண்ணீர்ப் பம்புக்குக் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தாள் வீட்டுக்கார அம்மாள்; எல்லோருக்கும் மாஷிமா, நம் ஊர்ப் பெரியம்மா மாதிரி. எழுபது வயதிருக்கும். மாதங்கியின் தோள்பையைப் பார்த்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. இன்றைக்குப் போய் கருவியைத் தொடுவார்களா என்று வங்காளியில் கேட்டாள்.

"எங்க ஆயுத பூஜைக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கு மாஷிமா" என்று மாதங்கியும் அவள் பாஷையிலேயே சொல்லிச் சிரித்தாள். "எங்க சாமி எனக்கு இன்னும் லீவு குடுக்கலை."

மாஷிமா சிரிக்கவில்லை. மேல்மாடியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். "அந்தப் பெட்டி அங்கேயே இருந்துட்டுப் போகட்டும்" என்றாள். பிறகு பம்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

படிக்கட்டில் ஈரச் சுண்ணாம்பு வாசனை. மேலே கதவைத் திறந்து காத்திருந்தான் சாய் கிருஷ்ணா. திருச்சிப் பையன், வயது இருபத்தைந்து, ஐ.டி. கம்பெனி வேலை, கல்கத்தாவுக்கு வந்து நான்கு மாதம். ஊர்த் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவளைப் பிடித்திருந்தான். மறுநாள் அவன் ஆபீஸில் நிகழ்ச்சி; பாஸ் கிடார் அவன்தான். கூப்பிட்ட மெக்கானிக் அத்தனை பேரும் இன்றைக்கு முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள்.

"தப்பா நினைக்காதீங்கக்கா, லீவு நாள்ல வரவெச்சுட்டேன்" என்றான். நல்ல குரல். கனமும் இனிமையும் சேர்ந்தது.

"பாடுவியா நீ?"

"வீட்ல மட்டும். எங்க அம்மா கேக்கறதுக்கு." கதவைச் சாத்தினான். "அம்மாவுக்கு சுகர்ல ரெண்டு கண்ணும் போயிடுச்சுக்கா. தெனம் சாயந்தரம் அஞ்சரைக்கு போன் பண்ணுவேன். ஒரு நாள் ஜலதோஷம் புடிச்சு கொரல் மாறிடுச்சு, யாருப்பா நீன்னு கேட்டுட்டாங்க. இந்தக் குரல்தான் அவங்களுக்கு நான்."

அதைச் சொன்னபோது அவன் சிரித்தான். ஆனால் மாதங்கிக்கு மனசு கனத்துவிட்டது.

பெட்டி அறையின் மூலையில் இருந்தது. இடுப்பளவு உயரம், கறுப்பு ரெக்சின், முன்னால் கம்பி வலை, வலைக்குப் பின்னால் மேலொன்று கீழொன்றாக இரண்டு பெரிய ஸ்பீக்கர்கள். முன்பு குடியிருந்த யாரோ விட்டுவிட்டுப் போனதாம். இடத்தை விட்டு நகர்த்தாமல் இருந்தால் வைத்துக்கொள் என்றாளாம் மாஷிமா. கிடாரும் ஆம்ப்ளிஃபயரும் மட்டும் இவன் வாங்கியது.

"வாசி, கேப்போம்."

வாசித்தான். விரல் ஒரு ஸ்வரத்தைச் சொன்னது, பெட்டி எதையோ முனகியது. எல்லாம் கலங்கல். ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே கோடே இல்லாமல் கொழகொழவென்று ஓடியது. வாயில் துணி அடைத்த ஆள் பேச முயல்வது மாதிரி இருந்தது.

மாதங்கி முதலில் சுலபமானதைப் பார்த்தாள். மூலையில் வைத்தால் கீழ்ச் சத்தம் சுவரில் மோதிப் பெருகிவிடும். பெட்டியைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னால் இழுத்தாள். கீழே இரண்டு செங்கல் கொடுத்தாள். ஆம்ப்ளிஃபயரில் பாஸைக் குறைத்து, நடுவிலும் கொஞ்சம் வெட்டினாள். கலங்கல் கொஞ்சம் தெளிந்தது, ஆனால் போகவில்லை.

அடுத்தது அவளுடைய சொந்தப் பரிசோதனை. கம்பியைப் பிடுங்கித் தன் மீட்டரில் மாட்டினாள். "ஸ்பீக்கருக்கு வாய் மட்டும்தான் இருக்குன்னு நெனைக்காதே. அதுக்குக் காதும் உண்டு. அதுகிட்ட பேசினா கூம்பு அசையும், கரண்ட் கொஞ்சூண்டு வரும், முள் துடிக்கும். பாரு." வலைக்கு அருகே வாயை வைத்து "ம்ம்ம்ம்" என்று அடிவயிற்றிலிருந்து முனகினாள்.

முள் அசையவே இல்லை.

"தூர்! செவிடா இருக்கே இது" என்றாள். பையிலிருந்து சின்ன பேட்டரியை எடுத்துக் கம்பி முனைகளில் தொட்டாள். ஸ்பீக்கர்கள் இரண்டும் ஒன்றாக வெளிப்பக்கம் துள்ள வேண்டும். மேலே இருந்தது வெளியே துள்ளியது. கீழே இருந்தது உள்ளே இழுத்துக்கொண்டது.

மாதங்கியின் முகம் மலர்ந்துவிட்டது. "அட, ஒண்ணுக்குக் கம்பியைத் தலைகீழா குடுத்திருக்கான். ஒண்ணு தள்ளும்போது இன்னொண்ணு இழுக்குது. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு அழிச்சிக்குது. அதனாலதான் பேசவும் வரலை, கேக்கவும் வரலை."

பின்பக்கப் பலகையைத் திறக்க உட்கார்ந்தாள். எட்டு ஸ்க்ரூ போதும் இந்த அளவுப் பெட்டிக்கு. இதில் இருபத்து நான்கு இருந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் அரக்கு உருக்கி ஊற்றியிருந்தது. இவ்வளவு பயந்து எவன் மூடினான் என்று அலுத்துக்கொண்டே ஒவ்வொன்றாகச் சுரண்டிக் கழற்றினாள். வெளியே மாடிகளில் பையன்கள் யாருடைய பட்டத்தையோ அறுத்துவிட்டு "போ காட்டா!" என்று கூச்சல் போட்டார்கள். தெருமுனை ஒலிபெருக்கியும் அலறிக்கொண்டிருந்தது.

பலகை விலகியதும் ஒரு வாசனை வந்தது. மரத்தூள் இல்லை, பழைய பசை இல்லை. தூங்கி எழுந்த மனிதனின் வாய் வாசனை அது.

உள்ளே பழைய ரஜாய்ப் போர்வையின் பஞ்சைத் திணித்து அடைத்திருந்தார்கள். கை கையாக அள்ளி வெளியே போட்டாள். பஞ்சு வெதுவெதுப்பாக இருந்தது. புழுக்கமான நாள்தானே என்று நினைத்துக்கொண்டாள். பலகையின் உட்புறம் பென்சிலால் ஒரு 'F', கீழே இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி. அந்த எழுத்தை அவளுக்குத் தெரியும். டாலிகஞ்ச் ஃபிராங்க்ளின் அண்ணன். அவள் தொழிலில் அவளுக்கு மரியாதை இருந்த ஒரே ஆள். சிவப்புக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் தூக்கத்தில்கூட மாற்றிக் கொடுக்காதவர். இரண்டு வருடத்துக்கு முன்னால் திடீரென்று பேச்சு நின்றுபோய்க் கடையை மூடிவிட்டார். பக்கவாதம் என்று சொல்லிக்கொண்டார்கள்.

"பாவம். அப்பவே உடம்பு சரியில்லை போலிருக்கு" என்றாள் மாதங்கி. நிஜமாகவே இரக்கப்பட்டாள். கொஞ்சம் சந்தோஷமும் பட்டாள் என்பதை மறைப்பானேன்.

கம்பிகளை மாற்றிப் பற்றவைத்தாள். ஒரு படம் எடுத்து ஃபிராங்க்ளினுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். "அண்ணா, உங்க கைவேலைதானே? ஒரு ஸ்பீக்கர் தலைகீழா இருந்துச்சு. நேராக்கிட்டேன். ட்ரீட் குடுங்க." பலகையை வைத்து நான்கு மூலைக்கு நான்கு ஸ்க்ரூ மட்டும் முடுக்கினாள். மீட்டரை மறுபடி மாட்டினாள்.

"இப்ப நீ வந்து முனகு. பெரிய குரல்காரன், பாப்போம்."

சாய் கிருஷ்ணா வலையின் முன்னால் மண்டியிட்டான். முனகவில்லை, பாடவே பாடினான். அம்மாவுக்குப் பாடுகிற ஏதோ ஒன்று, இரண்டு வரி. முள் துள்ளிக் கடைசிவரை போய் முட்டியது. மாதங்கியும் குனிந்து தன் பங்குக்கு "ம்ம்ம்ம்" என்றாள். மறுபடி முட்டியது. அவ்வளவு ஓட்டம் எந்த ஸ்பீக்கரிலும் அவள் பார்த்ததில்லை.

பிறகு கம்பியை ஆம்ப்ளிஃபயருக்கு மாற்றிக் கொடுத்ததும் அவன் கிடாரை வாசித்தான். அடடா! ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாக, கறுப்பாக, கனமாக வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. கலங்கல் போன இடம் தெரியவில்லை. அவன் சந்தோஷத்தில் எதையோ சொல்ல வந்து இருமினான்.

"தொண்டை கட்டிக்கிச்சுக்கா" என்றான். குரல் பாதியாக இருந்தது.

"அந்தப் பஞ்சுத் தூசி. தண்ணி குடி."

அவன் தன் போனைப் பெட்டியின் மேல் வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனான். மாதங்கி ஆம்ப்ளிஃபயரை அணைத்தாள். கம்பியைப் பிடுங்கிச் சுருட்டிப் பையில் போட்டாள். தெருமுனைப் பாட்டை யாரோ நிறுத்தியிருந்தார்கள். திடீர் அமைதி.

அப்போது மெல்லமாக, மிகத் தெளிவாக, "போ காட்டா" என்று கேட்டது.

ஒரு சிறுவனின் குரல். ஜன்னலிலிருந்து வரவில்லை.

மாதங்கி ஜன்னலுக்குப் போய் எட்டிப் பார்த்தாள். எதிர் மாடியில் ஆறேழு பையன்கள் நின்றிருந்தார்கள். வானத்தில் பட்டங்கள் அப்படியே இருந்தன. ஒருவனும் கத்தவில்லை. ஒருவன் தன் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான். மற்றொருவன் வாயைத் திறந்து திறந்து மூடினான்.

அவள் திரும்பினாள்.

பெட்டியில் எந்தக் கம்பியும் இல்லை. ஆனால் வலைக்குப் பின்னால் இரண்டு கூம்புகளும் ஒன்றாக உள்ளே போயின.

நின்றன.

ஒன்றாக வெளியே வந்தன.

அவள் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்துக்கொண்டு பெட்டிக்குப் பின்னால் போனாள். நான்கே ஸ்க்ரூ, திறந்து மறுபடி தலைகீழாக்கிவிடலாம் என்றுதான் நினைத்தாள். முனையை வைத்ததும் பலகைக்கு அந்தப்புறமிருந்து, அவள் விரலுக்கு அருகில், "அக்கா" என்று கேட்டது.

சாய் கிருஷ்ணாவின் குரல். கனமும் இனிமையும் சேர்ந்த குரல்.

அவன் எதிரே, தண்ணீர் டம்ளரோடு, வாசற்படியில் நின்றிருந்தான். உதடுகள் அசைந்தன. டம்ளர் கீழே விழுந்து உடைந்தது. அவன் வாயிலிருந்து காற்று மட்டும் வந்தது.

அவள் போன் அதிர்ந்தது. ஃபிராங்க்ளின் பதில் போட்டிருந்தார்.

"வேணும்னுதான் தலைகீழா குடுத்தேன். அது முன்னால வாயைத் திறக்காதே. யாரையும் பேச விடாதே. வெளிய ஓடு."

அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். படிக்கட்டில் தடுக்கி முழங்கால் தோலுரிந்தது. முற்றத்தில் மாஷிமா நின்றுகொண்டிருந்தாள். இருவரையும் பார்த்தாள். முந்தானையைச் சுருட்டித் தன் வாயில் அழுத்திக்கொண்டாள். கண்களில் நீர் கோத்தது. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் சொல்லாமல் இருந்திருக்கிறாள், அல்லது சொன்னது போதும் என்று இருந்திருக்கிறாள்.

பஸ் ரோட்டில் இருந்த நர்ஸிங் ஹோமில் ஓர் இளம் டாக்டர் அவன் தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்தார். மறுபடி பார்த்தார். எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என்றார். மாதங்கி என்னவென்று சொல்வாள்? பஞ்சுத் தூசி என்றாள். அவளுக்கும் குரல் கரகரத்தது. பயத்தில்தான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த சாய் கிருஷ்ணா சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஐந்து இருபத்தைந்து. பாக்கெட்டைத் தடவினான். அவன் போன் பெட்டியின் மேலேயே தங்கிவிட்டது. டாக்டரின் சீட்டைத் திருப்பி, பின்பக்கம் எழுதினான். அம்மாவிடம் இரண்டு போன், இரண்டு நம்பர். ஒன்று அவன் கூப்பிடுவது, இன்னொன்று அக்கம்பக்கத்தார் கூப்பிடுவது. கீழே, "நான் பேசலைன்னா பயந்துடுவாங்க. ஏதாவது சொல்லுங்கக்கா."

முதல் நம்பர் வேறு அழைப்பில் இருந்தது. இரண்டாவதைப் போட்டு, அவனும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தாள்.

"யாரு பேசறது?" வயதான, மெலிந்த குரல். சுந்தரவல்லி அம்மாள்.

"அம்மா, நான் மாதங்கி. கல்கத்தாவுல சாய் கிருஷ்ணாவுக்கு..." வார்த்தைகள் உடைந்து உடைந்து வந்தன.

"மாதங்கியா? நல்லா இரு தாயீ! இப்பதான் ஒன்னைப் பத்திச் சொன்னான். நீதான் பெட்டியைச் சரி பண்ணினியாமே? ரொம்ப நாளா அடைச்சுக் கெடந்துச்சாம், நீ வந்துதான் தொறந்தியாம்."

சாய் கிருஷ்ணா எழுந்து நின்றுவிட்டான்.

"எப்பவும் அஞ்சரைக்குக் கூப்புடற புள்ள, இன்னைக்கு நாலரைக்கே கூப்ட்டுட்டான். இன்னும் விடலையே! இந்தக் கையில அவன், அந்தக் கையில நீ. கொரல் கணீர்னு இருக்கு அவனுக்கு. ஆனா அவன் பேச மாட்டேங்கறான், நான்தான் பேசணுமாம். ஒரு மணி நேரமாப் பேசிப் பேசி எனக்குத் தொண்டையே கட்டிக்கிச்சு."

போனை வையுங்கள் என்று மாதங்கி கத்தினாள்.

கத்தியதாகத்தான் நினைத்தாள். உதடுகள் அசைந்தன. நெஞ்சு புடைத்தது. காற்று மட்டும் வந்தது.

சாய் கிருஷ்ணா போனைப் பிடுங்கி வாய்க்கருகே வைத்துக்கொண்டான். கழுத்து நரம்புகள் புடைத்தன. அம்மா என்கிற ஒரு சொல்லுக்காக அவன் முழு உடம்பும் துடித்தது. ஒரு சத்தமும் வரவில்லை. கண்ணில் மட்டும் தாரை தாரையாகக் கொட்டியது.

திருச்சியில், அம்மாவின் இன்னொரு கையில் இருந்த போனிலிருந்து, அவன் குரல் ஆசையாகக் கேட்டது.

"நிறுத்தாதம்மா. பேசு."

அந்தக் குரலுக்கு அடியில் ஒரு பெண் "ம்ம்ம்ம்" என்று முனகிக்கொண்டிருந்தாள். மாதங்கிக்கு அந்த முனகல் தெரியும். அடிவயிற்றிலிருந்து வருவது, அவளுடையது.

"சரிடா கண்ணு" என்றாள் சுந்தரவல்லி அம்மாள். "பேசறேன், பே..."

ஏதோ தரையில் விழுந்தது. பிறகு மூச்சு. வாயைத் திறந்து திறந்து மூடும் மூச்சு.

சாய் கிருஷ்ணா பெஞ்சில் சரிந்து உட்கார்ந்தான். போன் அவன் கையிலிருந்து நழுவியது. அழைப்பு துண்டாகவில்லை. திரையில் விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

பெஹாலாவில் இருந்தா, திருச்சியில் இருந்தா என்று சொல்ல முடியாமல், அந்த அம்மாளின் குரல் மறுபடி வந்தது. மெலிவு போயிருந்தது. கலங்கல் துளியும் இல்லை.

"யாரு பேசறது?"

மாதங்கி எடுக்கவில்லை. எடுத்து அணைக்க வேண்டும் என்று மனம் சொன்னது, கை வரவில்லை. அழுதுகொண்டிருந்த இருவரையும் பார்த்துவிட்டு ஒரு நர்ஸ் ஓடி வந்தாள். சின்னப் பெண். நல்ல மனசு. ஊரிலிருந்து ஏதோ கெட்ட செய்தி, பாவம், பேச முடியவில்லை என்று நினைத்திருக்க வேண்டும். மாதங்கி அவள் கையைப் பிடிக்க எட்டுவதற்குள் குனிந்து போனை எடுத்துவிட்டாள்.

காதில் வைத்துக்கொண்டு, "ஹலோ?" என்றாள்.